மாலை நான்கு மணிக்குப் பிறகு

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். எந்தப் பாடம் எடுக்கலாம் என்று மார்ச் மாதத்தில் கேட்டவர்கள், எந்த இடத்தில் சேரலாம் என்று ஜூன் மாதத்தில் கேட்கிறார்கள். இம்முறை கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஊருக்கு வெளியே விடுதியும் மைதானமும் மரங்களுமாக இருக்கும் பெரிய வளாகத்தில் படிப்பதா, நகரத்தின் நடுவே கடைவீதிச் சத்தத்துக்குள் படிப்பதா என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று மூவர் கேட்டுக்கொண்டதால் நால்வரின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: என் மகள் கோபியில் இளநிலைத் தாவரவியல் முடித்திருக்கிறாள். முதுநிலைக்குப் பாரதியார் பல்கலைக்கழகத் துறையிலும், கோவை நகருக்குள் உள்ள அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கும் மருதமலை அடிவாரம் காட்டோரம், யானை வரும், வேண்டாம் என்கிறார் என் மாமனார். டவுனுக்குள் விட்டால் பெண் கெட்டுப்போகும், வளாகத்துக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு என்கிறார் என் கொழுந்தனார். அம்மணியோ இரண்டுக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதில் சேர்க்கட்டும்?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: யானையிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. மருதமலை அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சத்தியமங்கலம் காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்துவரும் உங்கள் மாமனாருக்கு யானையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருட்டிய பின் தனியாக வெளியே போகக் கூடாது, காவலர் நில் என்றால் நின்றுவிட வேண்டும் என்பவை அவர் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட பாடங்களாகத்தான் இருக்கும். விடுதிப் பிள்ளைகளும் அவற்றைப் பழகிக்கொண்டு படிக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தை வேண்டாமென்று சொல்ல அது போதுமான காரணம் அன்று.

பெரியவர்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும், பெண்ணை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் இருவருமே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவள் அங்கே என்ன செய்யப் போகிறாள் என்பதை உங்கள் வீட்டில் இதுவரை எவரும் பேசியதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அதைப் பேசினால் விடை பாதி தெளிந்துவிடும்.

முதுநிலைத் தாவரவியல் வகுப்பறையோடு முடிகிற படிப்பன்று. செடியை அது முளைத்த இடத்திலேயே பார்க்க வேண்டும். கொண்டுவந்து அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரை உறுதிசெய்ய வேண்டும். நுண்ணோக்கியின் முன் முதுகு வலிக்கும்வரை உட்கார வேண்டும். இந்த வேலைக்குக் கோவையைப் போல் வாய்ப்பான ஊர் தென்னாட்டில் வேறில்லை என்றே நான் சொல்வேன். நாட்டின் தாவரங்களை ஆராயும் அரசு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின், 1955-இல் தொடங்கப்பட்ட தென்மண்டல மையம் லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பழைய பெயரை இன்னும் விடாமல் வைத்திருக்கும் அந்த உலர்தாவரக் காப்பகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன. 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1930-களில் கரும்புக் கலப்பின ஆய்வுகளைச் செய்தது அங்கேதான். ஆர்.எஸ். புரத்துப் பக்கம் போனால் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். உங்கள் மகள் எந்த இடத்தைத் தேர்ந்தாலும் இவையெல்லாம் அவளுக்கு உண்டு. காந்திபுரத்திலிருந்து மருதமலைக்குப் போகும் 70-ஆம் எண் நகரப் பேருந்து லாலி ரோடு, வடவள்ளி வழியாகப் பல்கலைக்கழக வாசலைத் தொட்டுத்தான் மலையடிவாரத்துக்குப் போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டில் காடு என்றும் டவுன் என்றும் பேசப்படும் இரண்டும் ஒரே பேருந்துத் தடத்தின் இரண்டு நிறுத்தங்கள்தாம்.

இடைக்குறிப்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளாகம், நகரம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே தவிர, அந்தப் பிரிவு நிலையானதன்று. 1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு வந்து, 1971-இல் பல்கலைக்கழகமான வேளாண் கல்லூரியின் வயல்களைச் சுற்றி இன்று நாற்புறமும் நகரம் நிற்கிறது. சோளக்காட்டுக்கு நீர் பாய்கிற சத்தத்தையும் பேருந்தின் ஒலிப்பானையும் அங்கே ஒருசேரக் கேட்கலாம்.

அப்படியானால் இரண்டு இடங்களுக்கும் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் இருக்கிறது. வகுப்பு எங்கேயும் காலை பத்து மணிவாக்கில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். பாடத்திட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நான்கு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பிள்ளை எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், என்ன செய்ய முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த இரண்டு ஆண்டுகள் படிப்பாகவோ வெறும் சான்றிதழாகவோ அமைகின்றன. நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து நான் கண்டது இது. நல்ல மாணவர்களிடம் நான் பேசியவற்றில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, மணியடித்த பிறகு, ஆய்வகத் திண்ணையில் பேசியதுதான்.

எனவே நீங்களும் மகளும் ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ இரண்டு இடங்களுக்கும் போய் வாருங்கள். சேர்க்கைக்கு அழைக்கும் நாளில் போகாதீர்கள்; அன்றைக்குக் கோலம் போட்டிருப்பார்கள். ஐந்து மணிக்குத் துறைக் கட்டடத்தின் முன் நின்று பாருங்கள். ஆய்வகத்தில் விளக்கு எரிகிறதா, முதுநிலை மாணவர்கள் உள்ளே இருக்கிறார்களா, அல்லது பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்களா என்பது தெரிந்துவிடும். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் பெண்கள் விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் தனித்தனியே கேட்டு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூலகம் இரவு எட்டு மணிவரை, விடுதி வாசல் ஆறரை மணிவரை என்றால் அந்த நூலகத்தின் கடைசி ஒன்றரை மணி நேரம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இதை எந்த விவரக்குறிப்பேட்டிலும் அச்சிட மாட்டார்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள்; இதற்கு அலுவலகத்தைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

நகரக் கல்லூரி என்று முடிவானால் தங்குமிடத்தைப் பாருங்கள். கல்லூரி விடுதியிலேயே இடம் கிடைத்தால் நல்லது. தனியார் விடுதி என்றால், தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றுத்தான் நடத்தப்பட வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்காக அப்படி ஒரு விடுதியைப் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் சுத்திகரிப்பான், கேமரா, வைஃபை என்று வரிசையாகக் காட்டினார்கள். மூன்று கட்டில்கள் போட்டிருந்த அறையில் ஒரு மேசைகூட இல்லை. எங்கே உட்கார்ந்து எழுதுவார்கள் என்று கேட்டதற்கு, "எல்லாரும் கட்டில்லயேதாங்க எழுதறாங்க" என்றார் காப்பாளர் அம்மையார், மிக இயல்பாக. அந்தப் பெண்ணுக்கு அடுத்த தெருவில் வேறு இடம் பார்த்தோம்.

என் முடிவைக் கேட்டால், பல்கலைக்கழக விடுதியில் இடம் உறுதியாகும் பட்சத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்தையே சொல்வேன். தாவரவியல் மாணவிக்கு வாசலிலேயே மலை இருப்பது பெரிய வாய்ப்பு; ஆய்வு மாணவர்கள் உலவும் துறையில் மாலை நேரம் வீணாகாது. விடுதியில் இடம் இல்லை, வெளியே அறை எடுத்துத் தங்க வேண்டும் என்றாலோ, நிரந்தர ஆசிரியர்கள் கல்லூரியில்தான் கூடுதல் என்று தெரியவந்தாலோ, யோசிக்காமல் நகரக் கல்லூரிக்கு மாறிவிடுங்கள். இரண்டுக்கும் சம்மதம் என்று சொல்லும் பெண்ணிடம் இனிமேல் எங்கே சேருகிறாய் என்று கேட்காதீர்கள். இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில், எந்த ஆய்வகத்தைப் பற்றி அவளாகவே பேசுகிறாள் என்று கவனியுங்கள்.

கேள்வி: ஐயா, நான் அந்தியூர் அருகே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி கிடைக்க வாய்ப்பிருப்பதாக எங்கள் ஆசிரியர் சொல்கிறார். வீட்டில், முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியைச் சொல்கிறார்கள். வளாகம் மிகப் பெரியது, கல்லூரிப் பேருந்து எங்கள் ஊருக்கே வருகிறது, வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். செலவை நினைத்தும் தயங்குகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு மாணவன், அந்தியூர்)

பதில்: தம்பி, முதலில் செலவைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடு. இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கோவையிலேயே தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உன் வங்கிக் கணக்குக்கு வரும். விடுதியில் தங்கினால் செலவு, வீட்டிலிருந்து போய்வந்தால் மிச்சம் என்ற கணக்கு உன் விஷயத்தில் பொருந்தாது.

அடுத்தது பேருந்து. நம் கொங்குப் பகுதியில் கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது வளாகக் கல்லூரி, நகரக் கல்லூரி என்று இரண்டு வகைதான் சொல்கிறோம். பேருந்துக் கல்லூரி என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறு ஏக்கர் வளாகம், மூன்று மாடி நூலகம், உள்விளையாட்டரங்கம் எல்லாம் இருக்கும். காலை எட்டே முக்காலுக்கு நாற்பது மஞ்சள் பேருந்துகள் வந்து நிற்கும். மாலை நாலே முக்காலுக்கு அதே நாற்பதும் வரிசையாகக் கிளம்பிப் போய்விடும். அவற்றில் வந்துபோகும் மாணவனுக்கு வளாகமும் கிடையாது, நகரமும் கிடையாது. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் ஜன்னலோர இருக்கைதான். அதுவும் முதல் நிறுத்தத்தில் ஏறினால்தான்.

ஓய்வு பெற்ற பின் சில ஆண்டுகள் அப்படி ஒரு கல்லூரிக்கு வருகைப் பேராசிரியராகப் போய்வந்தேன், பெயர் வேண்டாம். நூலக வாசலில் இரவு எட்டு மணிவரை என்று எழுதியிருந்தது. நாலரை மணிக்குப் பேருந்து மணி அடித்ததும் வாசிப்புக் கூடம் காலியாகிவிடும். நூலகர் வரிசை வரிசையாக மின்விசிறிகளை நிறுத்திக்கொண்டே வருவார். சென்னிமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, வீட்டுத் தறியிலிருந்து எடுத்த சிவப்பு நூல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, படித்த பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதியில்லாத மேற்கோள் புத்தகம் அது. ஒரு பருவம் முழுவதும் அந்த நூல் துண்டைக் கவனித்து வந்தேன். புத்தகம் முடியவில்லை, பருவம் முடிந்துவிட்டது. அவள் நன்றாகத் தேறினாள் என்பது வேறு விஷயம். அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு.

நீ முப்பது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். ஊர் ஊராக நின்று போகும் பேருந்துக்கு அது ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போக வர இரண்டரை மணி. நான்கு ஆண்டுகளுக்கு நீயே பெருக்கிப் பார். பொறியியல் படிக்கப் போகிறவன்.

கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இல் தோன்றியது, ஜி.டி. நாயுடு அதன் தொடக்கத்தில் பெரும் பங்கு வகித்தவர். தடாகம் சாலையில் விடுதியோடு கூடிய வளாகம் அதற்கும் உண்டு. வாசலை விட்டு வெளியே வந்தால், மோட்டார் பம்பும் வார்ப்படமும் லேத்தும் பிழைப்பாகக் கொண்ட நகரம் இருக்கிறது. ஒரு பாகம் எப்படிக் கடைசலாகிறது என்பதை ஒரு சனிக்கிழமை பட்டறையில் நின்று பார்த்தவனுக்கு உற்பத்திப் பொறியியல் பாடம் வேறு விதமாகப் புரியும். விருப்பப் பட்டியலில் அதை முதலில் போடு. தனியார் கல்லூரிதான் அமைகிறது என்றாலும் குறையில்லை, ஆனால் அங்கேயும் விடுதியில் சேர்ந்துவிடு. வீட்டுச் சோற்றை நினைத்து அப்பா வருந்தினால், விடுதி மெஸ்ஸில் டிவைடிங் முறையில், அதாவது மாதச் செலவை மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறையில், நீங்களே கணக்குப் பார்த்துச் சாப்பிடுவீர்கள் என்று சொல்; விவசாயிக்கு அது பிடிக்கும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். மகன் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஓராண்டு எங்களோடு இருந்தான். இப்போது இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. வாரிக் பல்கலைக்கழகத்தில் விநியோகச் சங்கிலி மேலாண்மை, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜவுளி. முதலாவது தனி வளாகம், அமைதியான இடம் என்கிறார்கள். இரண்டாவது நகரத்துக்குள் கலந்தது என்கிறார்கள். பகுதிநேர வேலை, குளிர், தனிமை எல்லாவற்றையும் நினைத்து அவன் அம்மா வேறு கலங்குகிறாள். உங்கள் கருத்து என்ன?
(ஒரு தொழிலதிபர், திருப்பூர்)

பதில்: நம் ஊரில் நாம் தளர்வாகப் பேசும் வளாகம், நகரம் என்ற பிரிவு இங்கிலாந்தில் தெளிவான வரலாறு உடையது. மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களின் பல்கலைக்கழகங்கள் அந்தந்த நகரத்து ஆலைகளோடும் வணிகத்தோடும் சேர்ந்து வளர்ந்தவை. 1960-களில் அரசு புதிய பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது, ஊர் ஓரத்துப் பசும்புல் நிலங்களில் விடுதி, வகுப்பறை, கடை, அரங்கம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டினார்கள். சசெக்ஸ், யார்க், லங்காஸ்டர், 1965-இல் தோன்றிய வாரிக் எல்லாம் அந்த வரிசை. வாரிக் பல்கலைக்கழகம் வாரிக் என்ற ஊரில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது கோவென்ட்ரி நகரின் விளிம்பில் இருக்கிறது. கேரள எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிகளையெல்லாம் நாம் கோவைக் கல்லூரி என்று சொல்வதில்லையா, அதுபோல.

வளாகப் பல்கலைக்கழகம் என்பதால் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே தங்குவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வாரிக் மாணவர்களில் நிறையப் பேர் லெமிங்டன் ஸ்பா என்ற பக்கத்து ஊரில் வாடகை வீடு எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்துபோகிறார்கள். அந்தியூர்த் தம்பிக்குச் சொன்னதைத்தான் உங்கள் மகனுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது: வளாகத்துக்குள் அறை உறுதியானால்தான் அது வளாகப் படிப்பு. டிசம்பரில் மான்செஸ்டரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வாரிக்கிலும் ஏறக்குறைய அதே நிலைதான். அப்போது அறைக்கும் நூலகத்துக்கும் நடுவே ஐந்து நிமிட நடையா, மழையில் முக்கால் மணி நேரப் பயணமா என்பதைப் பொறுத்துத்தான் அவன் அம்மா அஞ்சும் தனிமை கூடும் அல்லது குறையும்.

பகுதிநேர வேலையைப் பொறுத்தவரை, மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடம் நடக்கும் வாரங்களில் அதிகபட்சம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். நகரத்தில் கடைகளும் உணவகங்களும் அதிகம் என்பதால் வேலை தேட இடம் அதிகம், தேடுகிறவர்களும் அதிகம். வளாகத்தில் பல்கலைக்கழகமே நடத்தும் கடைகள், நூலகம், சிற்றுண்டிச்சாலை என்று வட்டம் சிறியது. எப்படிப் பார்த்தாலும் அந்த வருமானம் கைச்செலவுக்குத்தான் ஆகும். கட்டணத்துக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு அனுப்ப வேண்டாம்.

உங்கள் மகன் விஷயத்தில் இடத்தைவிடப் பாடம்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் திரும்பி வந்து உட்காரப் போகிற நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது. துணி, சாயம், பின்னல் இவற்றில் புதியதைக் கொண்டுவர வேண்டுமென்றால் மான்செஸ்டர். ஆர்டர், கப்பல், இருப்பு, நேரம் இவற்றைச் சீர்படுத்த வேண்டுமென்றால் வாரிக். அங்கே 1980-இல் குமார் பட்டாச்சார்யா தொடங்கிய உற்பத்தித் துறைப் பிரிவு தொழிற்சாலைகளோடு சேர்ந்து வேலை செய்வதில் பெயர் பெற்றது. திருப்பூரில் துணி தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை, தேதி தவறாமல் சரக்கை அனுப்பும் கலைதான் நமக்குத் தலைவலி என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் நான் மான்செஸ்டர் பக்கமே சாய்கிறேன். தென்னாட்டு மான்செஸ்டர் என்று கோவைக்குப் பெயர் வைத்தது பஞ்சாலைகளைப் பார்த்துத்தான். மூல மான்செஸ்டரில் இன்று அந்த ஆலைகள் குடியிருப்பாகவும் அருங்காட்சியகமாகவும் மாறிவிட்டன. நகரத்துக்கு வெளியே ஸ்டையல் என்ற இடத்தில் 1784-இல் கட்டப்பட்ட குவாரி பேங்க் ஆலையை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தொழில் நகரம் தன் தொழிலை இழந்த பின் எப்படிப் பிழைக்கிறது என்பதைத் திருப்பூர்ப் பையன் ஒருவன் ஓராண்டு தங்கிப் பார்ப்பது அவன் கம்பெனிக்கு நல்லது. மாலையில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைகளுக்குள் போய், அடுக்கியிருக்கும் டி-சர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பி, எந்த நாட்டில் தைத்தது, என்ன விலை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். உங்களிடம் சரக்கு வாங்கும் பையர் மின்னஞ்சலில் சொல்லாத செய்திகள் அந்தப் பட்டையில் இருக்கும். வளாகத்துக்குள் இருந்தால் இதற்குப் பேருந்து பிடிக்க வேண்டும். பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் பிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: பல்கலைக்கழகம் என்றாலே பெரிய வளாகம்தானே? சேலம் நகருக்குள் ஒரு கல்லூரியில் படித்த என் மகன், பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று சொல்லிக்கொள்வது சரியா? பெண் வீட்டார் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ராசிபுரம்)

பதில்: ஐயா, வளாகம் பல்கலைக்கழகத்துக்கு இடையில் வந்து சேர்ந்ததுதான். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலையாக இருந்தது. பாடம் நடத்தியவை கல்லூரிகள். ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்கு 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு வந்தது. 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சேலத்தில் சொந்த வளாகமும் துறைகளும் இருந்தாலும், அதன் மாணவர்களில் பெரும்பாலோர் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். உங்கள் மகனின் பட்டச் சான்றிதழில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர், தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். திருமண அழைப்பிதழில் பட்டத்தை அச்சிடும்போது கல்லூரியின் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஓர் அழைப்பிதழை அந்தத் துறைக்கும் அனுப்பிவையுங்கள். பாடம் நடத்தியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.